மூட்டுக்கு வந்து சேரும் நோய்

தோல் இறுகித் தோற்பலகைபோல் கெட்டியாகும் ஸ்க்ளீரோடெர்மா ஓர் அரிய நோய். 1914இல் எடின்பரோ மருத்துவர் பைரம் பிராம்வெல் தாம் கண்ட நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, ஆண்களில் பலர் கல்தச்சர்களாக இருந்ததைக் கவனித்தார். அரிய நோய் ஒன்று ஒரே தொழில்காரர்களிடம் திரும்பத் திரும்பத் தென்படுவது தற்செயலாக இருக்காது என்று அவர் ஊகித்தது சரி. காரணம் சொன்ன இடத்தில்தான் சறுக்கினார். ஸ்காட்லாந்துக் குளிரில் நாள் முழுக்கச் சில்லிட்ட உளியைப் பிடித்திருந்ததால் கை கெட்டது என்றார். நோய் கையில் தெரிந்தது. காரணத்தையும் கையிலேயே தேடினார். 1957இல் எராஸ்மஸ் என்ற மருத்துவர் அதே நோயைத் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் கண்டார். வெக்கை மிகுந்த அந்த ஆழ்சுரங்கங்களில் குளிர்ந்த உளிக்கு இடமில்லை. எடின்பரோவின் கல்தச்சனுக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: இருவரும் கல்தூசியை மூச்சோடு உள்ளே இழுத்தார்கள்.

முடக்குவாதத்தைப் பற்றிய நம் எண்ணத்திலும் பிராம்வெல்லின் சறுக்கல் இன்னும் மிச்சமிருக்கிறது. விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்குகின்றன, காலையில் கையை மடக்க முடியவில்லை, ஆகவே அது மூட்டின் நோய் என்று முடிவு கட்டிவிடுகிறோம். கடந்த முப்பது ஆண்டு ஆராய்ச்சி வேறொரு சித்திரத்தைத் தருகிறது. முடக்குவாதம், குறிப்பாக ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் தெரியும் வகை, பெரும்பாலும் மூட்டுக்கு வெளியே தொடங்குகிறது. நுரையீரல், ஈறு போன்ற, வெளியுலகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் சவ்வுகளில் மூளும் ஒரு நீடித்த அழற்சி, பல ஆண்டுகள் கழித்து மூட்டுக்கு வந்து சேர்கிறது. இந்தப் பார்வை சரியென்றால் இரண்டு முடிவுகள் பின்தொடரும். நோயைத் தடுக்கும் வேலை மூட்டுக்கு வெகு தொலைவில் தொடங்க வேண்டும். மூட்டுக்கு வந்துவிட்ட பிறகோ, வலியைக் காட்டிலும் அழற்சியையே இலக்காக வைத்து, அதுவும் சீக்கிரமாக, மருத்துவம் பார்க்க வேண்டும்.

இதை யோசிப்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் பொருத்தமான இடம். குடுமியான்மலை, நார்த்தாமலை, சித்தன்னவாசல், திருமயம் என்று இதன் பெருமைமிக்க இடங்கள் எல்லாமே பாறைகள். அந்தப் பாறைகள் வரலாறு மட்டும் அல்ல, வயிற்றுப்பாடும்கூட. குவாரிகளும் கிரஷர்களும் இங்கே பல்லாயிரம் பேருக்குக் கூலி தந்திருக்கின்றன. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்கே குவாரிகளைக் குத்தகைக்கு விட்டது நாடறிந்த சோதனை. கொத்தடிமைபோல் கிடந்தவர்கள் குத்தகைதாரர்கள் ஆனார்கள். ஆனால் உரிமை கைமாறினாலும் தூசி மாறவில்லை. கிரானைட் என்ற பெயருக்குத் தகுதிபெறும் பாறையில் கனிமத்தின் ஐந்தில் ஒரு பங்காவது குவார்ட்ஸ், அதாவது படிக சிலிக்கா, இருக்கும். சுத்தியலால் சக்கையை ஜல்லியாக்கும்போதும் கிரஷர் அதை அரைக்கும்போதும் அந்தப் படிகம் நுண்துகளாகப் பறக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். தீங்கு செய்வது கண்ணுக்குத் தெரியாத, 5 மைக்ரானுக்கும் சிறிய துகள். முகத்தில் கட்டிய துண்டு அதைத் தடுப்பதில்லை.

அந்தத் துகள் செய்வதைப் புரிந்துகொள்ள, அழற்சி எப்படி முடிகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2006இல் சிக்குன்குனியா தமிழ்நாட்டைச் சுற்றி வந்தபோது ஊர் ஊராக மக்கள் மூட்டு வீங்கிக் குனிந்து நடந்தார்கள். வைரசை அழிக்க உடல் மூட்டிய அழற்சி அது. சிலருக்கு மாதக்கணக்கில், அரிதாக ஆண்டுக்கணக்கில் நீடித்தாலும், பெரும்பாலோருக்கு அடங்கிவிட்டது. எதிரி ஒழிந்ததும் தானாக அணைவதுபோல் தோன்றும் இந்த அடக்கம் உண்மையில் உடல் முயன்று செய்யும் வேலை. ஹார்வர்டின் சார்லஸ் செர்ஹான் குழு 2000 முதல் விவரித்துவரும் ரிசால்வின்கள் போன்ற கொழுப்பு மூலக்கூறுகள், வெள்ளணுக்களைத் திரும்பப் போகச் சொல்லி, சிதைவுகளை அள்ளிக் களத்தைத் துப்புரவாக்க ஏவுகின்றன. தொடங்குவதற்கு ஏற்பாடு இருப்பதைப்போலவே முடிப்பதற்கும் உடலில் ஏற்பாடு இருக்கிறது. ஆகவே முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, அழற்சி ஏன் வந்தது என்பதோடு முடிவதில்லை. அது ஏன் முடியவில்லை என்பதையும் கேட்டாக வேண்டும்.

சிலிக்கா முடிவே இல்லாத எதிரி. நுரையீரலின் காற்றறையில் காவலிருக்கும் விழுங்கணு, உள்ளே வந்த துகளை விழுங்குகிறது. கிருமியாக இருந்தால் செரித்திருக்கும். படிகத்தைச் செரிக்க முடியாது. அணுவுக்குள் இருக்கும் செரிமானப் பையையே படிகம் கிழிக்கிறது. அந்தச் சிதைவை உணர்ந்து இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டு விழித்து, இன்டர்லூக்கின்-1 என்ற அபாயச் செய்தியை வெளியிடுகிறது. இது 2008இல் ஆய்வகத்தில் தெளிவாகக் காட்டப்பட்டது. விழுங்கிய அணு செத்துவிழ, துகள் சேதமில்லாமல் வெளியே வருகிறது. அடுத்த விழுங்கணு அதை விழுங்குகிறது. ஒருமுறை மூச்சில் ஏறிய தூசி இப்படி ஆண்டுக்கணக்கில் அழற்சியை ஊட்டிக்கொண்டே இருக்கும். குவாரி வேலையை விட்டு நின்ற பிறகும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வளர்வதற்கு இதுவே காரணம்.

நுரையீரலில் நடக்கும் இந்தச் சண்டை விரல் மூட்டுக்கு எப்படிப் போகிறது? அழற்சி மூண்ட இடத்தில் ஒரு வகை நொதிகள் கட்டவிழ்ந்து, புரதங்களில் உள்ள ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தைச் சிட்ருலினாக மாற்றுகின்றன. மாற்றம் மிகச் சிறியது. ஆனாலும் நோயெதிர்ப்பு மண்டலத்தின் கண்ணுக்குச் சொந்தப் புரதம் அந்நியமாகத் தெரிய அது போதும். எல்லோருக்கும் அப்படித் தெரிவதில்லை. புரதத் துண்டுகளை ஏந்திக் காட்டும் எச்எல்ஏ மூலக்கூறின் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை மரபாகப் பெற்றவர்களிடம் சிட்ருலின் ஏறிய துண்டு கச்சிதமாகப் பொருந்துகிறது, எதிர்ப்பொருள் உருவாகிறது. 2000இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘ஆன்டி-சிசிபி’ பரிசோதனை தேடுவது இதைத்தான். இன்று புதுக்கோட்டை நகரத்து ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மாதிரி கொடுத்தாலும் இதன் முடிவைப் பெற முடியும். சிட்ருலின் ஏறிய புரதங்கள் அழற்சி கண்ட மூட்டிலும் இருக்கும். ஆகவே நுரையீரலில் பழகிய தாக்குதல் மூட்டில் தனக்கு ஓர் இலக்கைக் கண்டுகொள்கிறது.

இது வெறும் கற்பனைச் சங்கிலி இல்லை என்பதற்கு மூன்று தனித்தனிச் சான்றுகள் உண்டு. முதலாவது பழையது. 1953இல் கார்டிஃப் நகரத்து மருத்துவர் ஆன்டனி காப்லன், முடக்குவாதம் உள்ள நிலக்கரித் தொழிலாளர்களின் எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்க உருண்டை நிழல்களைக் கண்டார். சிலரிடம் மூட்டு வீங்குவதற்கு முன்பே அந்த நிழல் விழுந்திருந்தது. இரண்டாவது, சுவீடனில் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வு. சிலிக்கா தூசியில் வேலை செய்த ஆண்களுக்கு முடக்குவாதம் வரும் வாய்ப்பு சுமார் இரு மடங்கு என்று 2005இல் வெளியான அதன் முடிவு சொன்னது. பாறை துளைப்பவர்கள், கல் நொறுக்குபவர்களிடம் அது இன்னும் அதிகம். 2010இல் வந்த தொடர்ச்சி, சிலிக்காவோடு சிகரெட்டும் சேர்ந்தவர்களுக்கு, இரண்டும் இல்லாதவர்களைவிட எதிர்ப்பொருள் தெரியும் முடக்குவாதம் ஏறத்தாழ ஏழு மடங்கு என்றது. மூன்றாவது காலத்தைப் பற்றியது. ஆம்ஸ்டர்டாமில் ரத்ததானம் செய்தவர்களில் பின்னாளில் முடக்குவாதம் கண்டவர்களின் பழைய, உறைய வைத்த ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். ஏறக்குறைய பாதிப்பேரிடம், முதல் மூட்டு வலிக்குச் சராசரியாக நான்கரை ஆண்டுகள் முன்பே எதிர்ப்பொருள் இருந்தது என்று 2004இல் அறிவித்தார்கள். மூட்டு அப்போது நன்றாகவே இருந்தது. நோய் வேறெங்கோ தொடங்கியிருந்தது.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். நோயாளிகளில் பெரும்பாலோர் குவாரிப் பக்கமே போகாதவர்கள். சிலிக்கா ஆய்வுகளோ பெரும்பாலும் ஆண்களைப் பற்றியவை. அப்படியிருக்க, தூசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா? தூசி மட்டுமே காரணம் என்று யாரும் வாதிடவில்லை. ஹார்மோன், மரபு, புகையிலை, ஈறு நோய் என்று பல காரணிகள் சேர்ந்தே இந்த நோயை உண்டாக்குகின்றன. ஈறு அழுகலுக்குக் காரணமான போர்ஃபைரோமோனஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியா, சிட்ருலின் ஏற்றும் நொதியைத் தானே தயாரிக்கிறது என்பது இந்தச் சித்திரத்தோடு ஒத்துப்போகும் தகவல். காரணிகள் பலவானாலும் அவற்றில் பல புகும் வழி ஒன்றே: வெளியுலகைத் தொடும் சவ்வு. பெண்களைப் பற்றிய ஆய்வு குறைவாக இருந்ததற்கு, சுவீடனில் கல்லுடைக்கும் பெண்கள் மிகக் குறைவு என்பதே காரணம். மலேசியாவில் பெண்களிடம் நடத்திய இதே வகை ஆய்வு, நெசவாலைத் தூசியில் வேலை செய்தவர்களுக்கு எதிர்ப்பொருள் தெரியும் முடக்குவாதம் கூடுதல் என்று 2016இல் காட்டியது. தூசியின் முன்னால் பெண்களுக்குத் தனிப் பாதுகாப்பு ஏதுமில்லை. புதுக்கோட்டையிலோ சுத்தியல் பிடித்தவர்களில் பெண்கள் ஏராளம். ஐரோப்பிய ஆய்வுகள் விட்டுவைத்த கேள்விக்கு விடை தேடத் தகுந்த இடங்களில் இதுவும் ஒன்று.

அடுத்த எதிர்ப்பு இன்னும் நடைமுறையானது. கல்லுடைப்பவர்களுக்கும் நாற்று நடுபவர்களுக்கும் மூட்டு வலிப்பது உழைப்பின் தேய்மானம்தானே? பலருக்கு அப்படித்தான். முழங்காலிலும் இடுப்பிலும் வரும் தேய்மான வலி, வேலை செய்யச் செய்யக் கூடும், ஓய்வில் தணியும். முடக்குவாதம் நேர் எதிர். எழுந்தவுடன் விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நிற்கும். அசைய அசையத் தளரும். இரு கைகளிலும் ஒரேபோல் சிறு மூட்டுகள் பஞ்சுபோல் வீங்கும். களைப்பு, லேசான காய்ச்சல், பசியின்மை கூடவே வரும். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி அளவுகள் உயரும். மூட்டைத் தாண்டிய பாதிப்புகளும் உண்டு. முடக்குவாதக்காரர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு. காரணம் ரத்தக்குழாயையும் அரிக்கும் அதே அழற்சி. ஹரியானாவின் பல்லப்கரில் நடந்து 1993இல் வெளிவந்த ஆய்வு, பெரியவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு முடக்குவாதம் இருப்பதாகக் கண்டது. 2011 கணக்கின்படி 16 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட புதுக்கோட்டைக்கு அதே விகிதம் பொருந்தினால் நோயாளிகள் பல ஆயிரம் இருப்பார்கள். அவர்களில் எத்தனை பேரின் நோய் ‘உழைச்ச உடம்பு, வலிக்கத்தான் செய்யும்’ என்ற வாக்கியத்துக்குள் மறைந்துபோகும் என்பதுதான் கவலை.

மூட்டுக்கு வந்துவிட்ட அழற்சி அங்கே வேர்பிடிக்கிறது. மூட்டின் உட்புறத்தைப் போர்த்திய மெல்லிய சைனோவியச் சவ்வு தடித்து, புதிய ரத்தக்குழாய்கள் பெற்று, குருத்தெலும்பின் மேல் படர்ந்து அதை அரிக்கத் தொடங்குகிறது. எலும்பைக் கரைக்கும் அணுக்களும் தூண்டப்படுகின்றன. சவ்வின் நாரணுக்கள் இந்த மூர்க்கத்தை நினைவில் வைத்துக்கொள்கின்றன. நோயாளியின் நாரணுக்களை எதிர்ப்புச் சக்தியற்ற எலிகளுக்கு ஒட்டியபோது, அவை இடம்பெயர்ந்து, வேறோர் இடத்தில் வைத்த நல்ல குருத்தெலும்பையும் தேடிப்போய் அரித்தன. கூரையில் பற்றிக்கொண்ட நெருப்புக்கு அடுப்பு தேவையில்லை. தூசியை விட்டு விலகினாலும் சிகரெட்டை நிறுத்தினாலும் இந்தக் கட்டத்தில் அது மட்டும் போதாமல் போவதன் காரணம் இதுதான்.

அழற்சியே நோயை ஓட்டுகிறது என்பதற்கு மறுக்கமுடியாத சான்று மருந்திலிருந்து வந்தது. லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும், பஞ்சாபின் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும், நோயுற்ற மூட்டுச் சவ்வின் அணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, டிஎன்எஃப் என்ற ஒற்றைச் செய்தி மூலக்கூறைத் தடுத்தால் மற்ற அழற்சிச் செய்திகளும் அடங்குவதை 1989இல் காட்டினார்கள். 1992இல் முதல் நோயாளிகளுக்கு டிஎன்எஃப் எதிர்ப்பு மருந்து ஏற்றியபோது வீக்கம் வேகமாக வற்றியது. ஆனால் விலையுயர்ந்த அந்த ஊசியைக் காட்டிலும் நமக்குப் பயன்படும் பாடம் கிளாஸ்கோவிலிருந்து 2004இல் வந்தது. 110 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரை வழக்கம்போல் கவனித்தார்கள். மற்றவர்களின் அழற்சியை மாதந்தோறும் அளந்து, அடங்கும்வரை மருந்தைக் கூட்டினார்கள். இரு பிரிவிலும் மெத்தோட்ரெக்சேட் போன்ற பழைய, மலிவான மருந்துகள்தான். முடிவில் வழக்கமான பிரிவில் 16 சதவீதம் பேருக்கும் மாதந்தோறும் அளந்த பிரிவில் 65 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வேறுபாட்டை உண்டாக்கியது புது மருந்தன்று, விடாமல் அளந்த கவனம்.

அழற்சிதான் வில்லன் என்றால் அதை அடக்கும் எதுவும் நல்லதுதானே என்று கேட்கலாம். மஞ்சள், முடக்கத்தான் கீரை முதல் கடையில் கிடைக்கும் வலி மாத்திரைவரை எல்லாம் இந்த வாதத்தின் பெயரில்தான் விற்கப்படுகின்றன. இங்கே கவனம் தேவை. அழற்சி என்பது ஒரே பொருள் இல்லை. டிஎன்எஃப் தடுப்பு முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸ் மூட்டுவலிக்கும் முதுகுத்தண்டை இறுக்கும் ஸ்பாண்டிலிட்டிசுக்கும் உதவுகிறது. லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய்க்கு அது மருந்தாகவில்லை. அங்கே ஆட்டிவைப்பது இன்டர்ஃபெரான். மூளை நரம்புகளைத் தாக்கும் மல்டிப்பிள் ஸ்க்ளீரோசிஸ் நோயை டிஎன்எஃப் தடுப்பு இன்னும் மோசமாக்கியது. வலி மாத்திரையோ புரோஸ்டாகிளாண்டின் என்ற வலிச் செய்தியை மட்டும் குறைக்கிறது. வலி போகும், எலும்பு அரிப்பு உள்ளே தொடரும். மஞ்சளின் குர்குமின் ஆய்வகக் குப்பியில் செய்வதைக் குடலைத் தாண்டி மூட்டுவரை போய்ச் செய்ய முடிவதில்லை, ஏனென்றால் அது ரத்தத்தில் ஏறுவதே மிகக் குறைவு. கீரையைச் சாப்பிடுவதில் தவறில்லை. அதை நம்பி ஆறு மாதம் காத்திருப்பதில்தான் விரல்கள் கோணுகின்றன.

இதற்கு எதிர்முனையில் இருக்கிறது ஸ்டீராய்டு. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் கார்டிசோனைக் கொடுத்தபோது படுத்துக்கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1950இல் நோபல் பரிசும் வந்தது. சில ஆண்டுகளில் எலும்பு மெலிவும் சர்க்கரையும் தொற்றும் வந்தன. சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரையிலும் பெயரில்லாத பொட்டலப் பொடியிலும் ஒளிந்து வரும் ஸ்டீராய்டு இன்றும் அதே கதையைத் தொடர்கிறது. அழற்சிக்குக் காவல் வேலையும் உண்டு என்பதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குக் காசநோய் சாட்சி. நுரையீரலில் உறங்கும் காசக் கிருமியைச் சுற்றிச் சுவர் எழுப்பி நிறுத்தி வைப்பது டிஎன்எஃப். அதைத் தடுத்தால் சுவர் இடிந்து கிருமி விழிக்கும். அதனால்தான் டிஎன்எஃப் தடுப்பு ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் வரும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். குவாரியில் உழைத்தவருக்கு முடக்குவாதம் வந்தால் மருத்துவர் இரட்டைக் கவனத்தோடு நடக்க வேண்டும். தொழில் என்ன என்று கேட்காமல் மருந்துச் சீட்டு எழுதக்கூடாத நோய் இது. அதற்காகப் பயந்து மருத்துவத்தையே தள்ளிப்போடத் தேவையில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் வழிநடத்திய ஆய்வில் பிறந்த மெத்தோட்ரெக்சேட், வாரத்துக்கு ஒருமுறை மட்டும், ஃபோலிக் அமிலத்தோடும் ரத்தப் பரிசோதனையோடும் எடுத்துக்கொண்டால், பலருக்குப் போதுமானது. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதை மருந்தகத்தில் எடுத்துச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நோய் மூட்டுக்கு வருமுன்பே மருந்தால் தடுத்துவிடலாமே என்ற கேள்விக்கும் இப்போது ஒரு விடை இருக்கிறது. எதிர்ப்பொருளும் மூட்டு வலியும் இருந்து, வீக்கம் இன்னும் வராத 213 பேரிடம் அபாட்டாசெப்ட் என்ற மருந்தைச் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டின் முடிவில் மருந்து எடுத்தவர்களில் 6 சதவீதம் பேருக்கும், வெற்று ஊசி போட்டவர்களில் 29 சதவீதம் பேருக்கும் முடக்குவாதம் வந்திருந்தது. மருந்தை நிறுத்தி இன்னோர் ஆண்டு ஆனதும் இடைவெளி குறுகியது: 25-க்கு 37. மருந்தால் தள்ளிப்போட முடிந்தது, துடைத்தெறிய முடியவில்லை. ஊற்று வேறிடத்தில் இருக்கிறது என்ற வாதத்தை இந்த முடிவு பலப்படுத்தவே செய்கிறது.

ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு இடங்களில் இருக்கின்றன. ஒன்று கிரஷரில். துளைக்கும்போது தண்ணீர் பீய்ச்சுவதும், அரைக்கும் இடத்தை மூடிக் காற்றை உறிஞ்சுவதும், தகுந்த முகக்கவசமும் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. தொழிலாளர் இழப்பீட்டுக்கான தொழில்நோய்ப் பட்டியலில் சிலிக்கோசிசுக்கு இடம் உண்டு. சிலிக்காவால் வரும் முடக்குவாதத்துக்கு இல்லை. நுரையீரலில் படிந்த தூசிக்குப் பொறுப்பேற்கும் சட்டம், அதே தூசி விரலை முடக்கினால் விலகி நிற்பதற்கு அறிவியலில் ஆதாரம் கிடையாது. மற்றோர் இடம் புறநோயாளிப் பிரிவு. புதுக்கோட்டைக்கு 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் கைவீக்கத்தோடு வருபவரிடம், காலை விறைப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது, என்ன வேலை செய்கிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு, சிஆர்பியும் ஆன்டி-சிசிபியும் பார்த்து, மாதந்தோறும் வரச்சொல்லி அளந்தால், கிளாஸ்கோவில் கிடைத்த பலனை இங்கேயும் எதிர்பார்க்கலாம். மலிவான மருந்தால் காப்பாற்றக்கூடிய விரல்கள் கோணிப்போவதற்கு அறிவு போதாமையைக் காரணம் காட்ட இனி வழியில்லை. அந்த அறிவு தூசிக்கும் மூட்டுக்கும் இடையிலுள்ள நீண்ட வழியை ஓரளவு வரைந்து தந்துவிட்டது. அதில் எந்த இடத்தில் மறிப்பது என்பது குவாரி உரிமம் வழங்குபவரும் மருந்துச் சீட்டு எழுதுபவரும் எடுக்க வேண்டிய முடிவு.